எட்டு வரை தப்பிக்கலாம், ஒன்பதில் முடியாது: பரிமளாவின் இயற்கணிதம்

ஆர். பரிமளா தமிழ்நாட்டில் பிறந்து, சென்னையில் படித்து, இயற்கணிதத்தில் உலகமே மதிக்கும் இடத்துக்குப் போனவர். அவரைப் பற்றி நான் படித்த தமிழ்க் குறிப்புகளில் பிறந்த ஆண்டு, படித்த கல்லூரி, வாங்கிய விருது எல்லாம் வரிசையாக இருக்கும். அவர் எதை நிரூபித்தார் என்ற இடம் வந்ததும் குறிப்பு முடிந்துவிடும். கணக்கில் ஆசை உள்ள பிள்ளைகளுக்கு இது பெரிய ஏமாற்றம். அவர்கள் தெரிந்துகொள்ள விரும்புவதே அந்த இடத்தைத்தானே.

கோத்தகிரியில் மாலை நேரத்தில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தருகிறேன். பரிமளாவின் தேற்றம் ஒன்றை இவர்களுக்குக் கரும்பலகையில் விளக்க முடியுமா என்று யோசித்துப் பார்த்தேன். நன்றாகவே முடிகிறது. கேள்வியை முழுதாகப் புரியவைக்கலாம், பதிலில் பாதியை நிரூபித்தே காட்டலாம். மீதிப் பாதிதான் பரிமளாவும் வி. சுரேஷும் செய்த வேலை. பத்தாம் வகுப்புக் கணக்கு தெரிந்தவர்கள் தாராளமாகக் கூட வரலாம்.

நம்ம நீலகிரி மலை ரயிலில் இருந்தே தொடங்குவோம். கல்லாறு முதல் குன்னூர் வரை பல்சக்கரத்தைக் கடித்துக்கொண்டுதான் ரயில் ஏறும். அங்கே மிகச் செங்குத்தான இடங்களில் ஏற்றம் ஏறத்தாழ 12க்கு 1. அதாவது கிடையாக 12 மீட்டர் நகர்ந்தால் 1 மீட்டர் உயர்கிறோம். அந்தத் துண்டில் தண்டவாளத்தின் நீளம் என்ன? பிதாகரஸ் தேற்றத்தின்படி 144 + 1 = 145, அதன் வர்க்கமூலம். அது முழு எண் இல்லை, பின்னமாக எழுதவும் வராது. ஏற்றம் 12க்கு 5 என்று இருந்தால் 144 + 25 = 169, நீளம் சரியாக 13. தேயிலைத் தோட்டத்துக் குறுக்குப்பாதை சிலவற்றில் அப்படிப்பட்ட ஏற்றமும் உண்டு. ஆக, ஒரு சரிவுக்குக் கணக்கு முழு எண்ணில் முடிகிறது, இன்னொன்றுக்கு முடியவில்லை. எப்போது முடியும், எப்போது முடியாது? பரிமளாவின் வேலைக்கு இந்தக் கேள்விதான் வாசல்.

எழுத்துகளுக்கு க, ச, ட, த என்று வைத்துக்கொள்கிறேன். க² + ச² − ட² என்ற கோவையைப் பாருங்கள். ஒவ்வோர் உறுப்பிலும் படி இரண்டு. ஒற்றைப் படியும் தனி எண்ணும் கிடையாது. இப்படிப்பட்ட கோவைக்கு இருபடி வடிவம் என்று பெயர். மாறிகள் எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம், முன்னால் எந்தக் கெழுவும் வரலாம். இதற்குப் பூஜ்ஜியம் உண்டா என்பதுதான் கேள்வி. எல்லா மாறிக்கும் 0 போட்டால் விடை எப்படியும் 0 வரும், அதைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. ஒரு மாறியாவது 0 அல்லாமல் இருக்க வேண்டும். க = 12, ச = 5, ட = 13 போட்டால் மேலே உள்ள வடிவம் பூஜ்ஜியமாகிறது. அது நிஜமான பூஜ்ஜியம்.

சரி, ஒரு சின்ன மாற்றம் செய்வோம். க² + ச² = 3ட² என்று எழுதினால்? முழுக்களில் தீர்வு தேடிப் பாருங்கள். எவ்வளவு நேரம் தேடினாலும் கிடைக்காது. ஏன் கிடைக்காது என்பதை நாலே வரியில் காட்டிவிடலாம். பத்தாம் வகுப்பில் வரும் மட்டு எண்கணிதம்தான் கருவி.

எந்த முழுவின் வர்க்கத்தையும் 4ஆல் வகுத்தால் மீதி 0 அல்லது 1. இரட்டை எண்ணின் வர்க்கத்துக்கு 0, ஒற்றை எண்ணின் வர்க்கத்துக்கு 1. அப்படியானால் இடப்பக்கத்து க² + ச² தரும் மீதி 0, 1, 2 இவற்றில் ஒன்று. வலப்பக்கத்து 3ட² தரும் மீதி 0 அல்லது 3. இரண்டு பக்கமும் சமம் என்றால் பொதுவான மீதி 0 மட்டுமே. அப்போது மூன்று எண்களுமே இரட்டை. மூன்றையும் 2ஆல் வகுத்தால் இன்னும் சிறிய ஒரு தீர்வு கிடைக்கிறது. அதிலும் மூன்றும் இரட்டையாகவே இருக்கும். மறுபடி வகுக்கலாம், மறுபடியும் வகுக்கலாம். முடிவே இல்லாமல் 2ஆல் வகுபடும் எண் பூஜ்ஜியம் ஒன்றுதான். ஆக வேறு தீர்வு இல்லை.

இந்த நிரூபணத்தை நான் எத்தனை முறை எழுதினாலும் எனக்கு அலுப்பதில்லை. தேடிக் கிடைக்கவில்லை என்று சொல்வதற்கும், இருக்கவே முடியாது என்று சொல்வதற்கும் உள்ள தூரத்தை ஒரு பிள்ளை முதன்முதலாக இங்கேதான் பார்க்கிறது.

இதை எழுதி முடித்த ஒரு நாள், பின்வரிசையில் இருந்த ஒரு பெண் கேட்டாள்: "மிஸ், அப்போ இன்னும் ரெண்டு மூணு மாறி சேத்தா கிடைச்சிடுமா?"

"அதத்தான் கண்ணு, பெரிய பெரிய ஆளுங்க கேட்டுட்டு இருக்காங்க" என்றேன். உண்மையாகவே அப்படித்தான். மாறிகள் கூடக் கூட, எண்களை மாற்றிப் போட்டுப் பார்க்க இடம் கூடுகிறது. ஒரு கட்டத்துக்கு மேல் பூஜ்ஜியம் வராமல் தப்பிக்க வழியே இருக்காது என்று எதிர்பார்க்கலாம். அந்தக் கட்டம் எது? பூஜ்ஜியம் இல்லாமல் தப்பிக்கும் வடிவத்தில் அதிகபட்சம் எத்தனை மாறிகள் இருக்கலாமோ, அந்த எண்ணிக்கைக்கு யு-இன்வேரியன்ட் என்று பெயர். இனி அதை யு என்றே சொல்கிறேன்.

விடை நாம் எந்த எண்களில் வேலை செய்கிறோம் என்பதைப் பொறுத்தது. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் நான்கும் தடையில்லாமல் நடக்கும் எண்தொகுதியைக் களம் என்பார்கள். கலப்பெண்களில் −1க்கே வர்க்கமூலம் இருப்பதால் இரண்டு மாறி வந்ததுமே பூஜ்ஜியம் வந்துவிடும், அங்கே யு = 1. மெய்யெண்களிலோ வர்க்கங்களை எத்தனை கூட்டினாலும் மிகை எண்தான், யுவுக்கு எல்லையே இல்லை. விகிதமுறு எண்களில் கூட்டல் குறியும் கழித்தல் குறியும் கலந்து ஐந்து மாறிகள் இருந்தால் பூஜ்ஜியம் கட்டாயம் உண்டு என்று 1884இல் மேயர் காட்டினார்.

சுவையான கதை இதற்கு அப்புறம்தான் வருகிறது. கொஞ்சம் நிதானமாகவே போவோம்.

முதல் மாடி: 7ஆல் வகுத்த மீதிகள் மட்டும் உள்ள உலகம். 0 முதல் 6 வரை ஏழே எண்கள். 7 பகா எண் என்பதால் இது ஒரு களம். இங்கே வர்க்கங்கள் எவை? 1² = 1, 2² = 4, 3² = 9, அதன் மீதி 2. 4, 5, 6க்கும் இதே எண்கள்தான் திரும்ப வரும். ஆக 0, 1, 2, 4 மட்டுமே வர்க்கங்கள். க² + ச² பூஜ்ஜியமாகுமா? 1, 2, 4 இவற்றில் எந்த இரண்டைக் கூட்டினாலும், ஒன்றையே இரண்டு முறை கூட்டினாலும் 7 வராது. அதனால் இரண்டு மாறியில் தப்பிக்கலாம். மூன்று மாறி போடுங்கள்: 1 + 2 + 4 = 7. மாட்டிக்கொண்டது. நேராகச் சொன்னால் 1² + 2² + 3² = 14, அது 7ஆல் வகுபடும். இந்த ஒரு வடிவம் மட்டும் இல்லை, இந்த உலகத்தில் மூன்று மாறி உள்ள எந்த இருபடி வடிவத்துக்கும் பூஜ்ஜியம் உண்டு. ஆகவே இங்கே யு = 2.

இரண்டாம் மாடி: 7ஆல் வகுத்த மீதியை மட்டும் பார்க்காமல் 49, 343, 2401 என்று 7இன் எல்லா அடுக்குகளாலும் வகுத்த மீதிகளை ஒன்றாகக் கோத்து, அப்படிக் கிடைப்பவற்றின் பின்னங்களையும் சேர்த்துக்கொண்டால், இன்னும் பெரிய ஒரு களம் கிடைக்கிறது. அதில் உள்ளவை 7-ஆடிக் எண்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஹென்சல் என்ற ஜெர்மானியர் உருவாக்கியது. இங்கே இரண்டு எண்களின் வித்தியாசம் 7இன் பெரிய அடுக்கால் வகுபட்டால் அவை பக்கத்துப் பக்கத்து எண்கள். முதலில் விசித்திரமாகத்தான் இருக்கும். நமக்கு இப்போது வேண்டியது ஒன்றே ஒன்று: இந்த உலகத்தில் 7ஆல் எத்தனை முறை வகுபடும் என்று எந்த எண்ணையும் கேட்கலாம்.

இப்போது நான்கு மாறியில் ஒரு வடிவம்: க² + ச² = 7(ட² + த²). இதற்குப் பூஜ்ஜியம் உண்டா? வலப்பக்கம் 7ஆல் வகுபடுகிறது, அதனால் க² + ச²உம் வகுபட வேண்டும். கீழ் மாடியில் பார்த்தோம், அப்படி நடக்க வேண்டுமானால் க, ச இரண்டுமே 7ஆல் வகுபட வேண்டும். அப்படி வகுபட்டால் இடப்பக்கம் 49ஆல் வகுபடும். இரு பக்கமும் ஒரு 7ஐ அடித்துவிட்டால் ட² + த² 7ஆல் வகுபடுகிறது. திரும்பவும் அதே காரணம், ட, த இரண்டும் 7ஆல் வகுபடுகின்றன. நான்குமே வகுபடுவதால் நான்கையும் 7ஆல் வகுத்து மறுபடி தொடங்கலாம், முடிவில்லாமல். ஆகப் பூஜ்ஜியம் இல்லை. முன்பு 2ஆல் வகுத்துக்கொண்டே போனோமே, அதே இறக்கம்தான்.

கவனியுங்கள், கீழ் மாடியில் தப்பித்த இரண்டு மாறி வடிவத்தை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை 7ஆல் பெருக்கி ஒட்டினோம். இரண்டு நான்காகிவிட்டது. ஐந்து மாறி போட்டால் 7-ஆடிக் எண்களில் தப்பிக்கவே முடியாது என்பது ஹாசேயின் காலத்தில் இருந்தே தெரிந்த விஷயம். யு = 4.

மூன்றாம் மாடி: இப்போது ப என்ற புது எழுத்து ஒன்றை உள்ளே விடுவோம். எண்களுக்குப் பதிலாகப் ப-வில் அமைந்த பல்லுறுப்புக்கோவைகளும் அவற்றின் பின்னங்களும். கெழுக்கள் எல்லாம் 7-ஆடிக் எண்கள். முன்பு 7 செய்த வேலையை இங்கே ப செய்யும். நான்கு மாறி வடிவத்தை இரண்டு பிரதி எடுங்கள், இரண்டாவதைப் ப-வால் பெருக்குங்கள், முதலாவதில் இருந்து கழியுங்கள். எட்டு மாறிகள். ப = 0 போட்டுப் பார்த்தால் முதல் நான்கும் ப-வால் வகுபடும் என்று வரும், ஒரு ப-வை அடித்துவிட்டால் அடுத்த நான்கும் வகுபடும் என்று வரும். அதே இறக்கம். பேப்பரில் எழுதிப் பாருங்கள், மேலே செய்த நிரூபணத்தை வரிக்கு வரி திரும்ப எழுதினால் போதும். ஆக எட்டு மாறி வரை தப்பிக்கலாம்.

இதுதான் நான் சொன்ன சுலபமான பாதி. ஒன்பது மாறி போட்டால் எந்த வடிவமும் தப்பிக்காது என்பது கடினமான பாதி.

2, 4 என்று இரட்டிப்பாகி வந்தது, அடுத்தது 8தானே, இதில் என்ன கஷ்டம் என்று தோன்றலாம். அந்த நம்பிக்கை அவ்வளவு பத்திரமானது இல்லை. யு எப்போதும் 1, 2, 4, 8 என்ற வரிசையில்தான் இருக்கும் என்று கப்லான்ஸ்கி 1950களில் எதிர்பார்த்தார். 1989இல் மெர்குர்யேவ் யு = 6 ஆக உள்ள ஒரு களத்தையே கட்டிக் காட்டிவிட்டார். பின்னர் இஷ்போல்தின் 9 வரும் களத்தையும் கண்டுபிடித்தார். எனவே எதையும் பழக்கத்தை வைத்து நம்ப முடியாது.

மூன்றாம் மாடியின் நிலைமை இன்னும் மோசம். 7-ஆடிக் உலகத்தில் 7 என்ற ஒரே ஒரு பகா எண்ணைக் கவனித்தால் போதும். பல்லுறுப்புக்கோவைகளின் உலகத்தில் ப = 0 மட்டும் புள்ளி இல்லை. ப = 1, ப = 2, இன்னும் எண்ணற்ற இடங்கள் இருக்கின்றன. ஓரிடத்தில் பூஜ்ஜியம் கிடைக்கிற மாதிரி இருக்கும், இன்னோர் இடத்தில் தடை வரும். எல்லா இடத்தையும் ஒரே நேரத்தில் கட்டிப்பிடிக்க வேண்டும். அதனால் 8 என்பது ஒருபக்கம் இருக்கட்டும், யுவுக்கு அங்கே ஏதாவது எல்லை இருக்கிறதா என்பதே 1990களின் பிற்பாதி வரை தெரியாது. முதலில் மெர்குர்யேவ் 26க்கு மேல் போகாது என்றார். ஹாஃப்மனும் வான் கீலும் 22க்கு இறக்கினார்கள். 1998இல் பரிமளாவும் சுரேஷும் ஒரே தாவலில் 10க்குக் கொண்டுவந்தார்கள்.

10க்கும் 8க்கும் நடுவே இருந்த இடைவெளியை மூட மேலும் பல வருஷம் ஆயிற்று. இந்தக் களங்களில் தடைகளை எப்படி அடக்குவது என்று டேவிட் சால்ட்மன் 1997இல் எழுதிய கட்டுரை பெரிய உதவி. அது வெளியானது ராமானுஜன் கணிதக் கழகத்தின் இதழில் என்பது எனக்குத் தனிச் சந்தோஷம். கடைசியில் 2010இல் "அன்னல்ஸ் ஆஃப் மேத்தமேட்டிக்ஸ்" இதழில் பரிமளா, சுரேஷ் இருவரின் கட்டுரை வந்தது. யு = 8, அதற்கு மேல் இல்லை. கட்டுரை இருபது பக்கம்கூட இல்லை. 2 தவிர எந்தப் பகா எண்ணை 7இன் இடத்தில் வைத்தாலும் அவர்களுடைய நிரூபணம் செல்லும். ஹீத்-பிரவுன் நிரூபித்த வேறொரு முடிவை வைத்துக்கொண்டு, 2க்கும் இது உண்மை என்று லீப் காட்டினார்.

இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தபோது பரிமளாவுக்கு ஆய்வுலகில் இருபது வருஷத்துக்கு மேல் அனுபவம். 1948இல் பிறந்தவர். சென்னையில் சாரதா வித்யாலயா, அப்புறம் ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரி, சென்னைப் பல்கலைக்கழகத்தின் ராமானுஜன் உயராய்வு நிறுவனத்தில் 1970இல் முதுகலை. அங்கிருந்து மும்பையில் உள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம். ஆர். ஸ்ரீதரனிடம் ஆய்வு செய்து 1976இல் மும்பைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அதே ஆண்டு வெளிவந்த ஒரு சின்னக் கட்டுரையால்தான் அவர் பெயர் வெளிநாடுகளில் பரவியது.

அதன் பின்னணி கொஞ்சம் உயரமானது, மேலோட்டமாகவே சொல்கிறேன். பல்லுறுப்புக்கோவைகளின் மேல் அமையும் சில இயற்கணித அமைப்புகள், பார்க்கச் சிக்கலாக இருந்தாலும், உண்மையில் எல்லாமே எளிமையானவைதானா என்று பிரெஞ்சுக் கணிதவியலாளர் செர் 1955இல் கேட்டிருந்தார். இரண்டு மாறிகளுக்கு ஆம் என்று 1958இல் நிரூபித்தவர் காஞ்சிபுரத்தில் பிறந்த சி. எஸ். சேஷாத்ரி. எத்தனை மாறிகளுக்கும் ஆம் என்று 1976இல் குவில்லனும் சுஸ்லினும் தனித்தனியாக முடித்துவைத்தார்கள். அப்படியானால் இந்த அமைப்புகளோடு ஓர் இருபடி வடிவத்தையும் சேர்த்துக்கொண்டால்? அதாவது, கெழுக்கள் இடத்துக்கு இடம் மாறும் ஓர் இருபடி வடிவம் இருக்கிறது. மாறிகளைத் தக்கபடி மாற்றி, கெழுக்கள் எல்லாம் மாறாத எண்களாக இருக்கும் வடிவமாக அதை எப்போதும் நேராக்கிவிடலாமா? ஒரு மாறிக்கு முடியும் என்று ஹார்டர் காட்டியிருந்தார். இரண்டு மாறிக்கும் முடியும் என்று எதிர்பார்ப்பதுதான் இயல்பு. முடியாது என்று மெய்யெண் தளத்தின் மேல் நேரடியாக ஓர் எடுத்துக்காட்டைக் கட்டி வைத்தார் பரிமளா. முனைவர் பட்டம் வாங்கும் வயதில் செய்தது! துறையில் இருந்தவர்கள் அதை எதிர்பார்க்கவே இல்லை.

என் கணிப்பில் அவருடைய கணிதத்தின் குணம் இந்த இரண்டு வேலையிலும் ஒன்றுபோல் தெரிகிறது. முதலில், எல்லாரும் "ஆம்" என்று எதிர்பார்த்த இடத்தில் "இல்லை" என்று காட்டும் ஒரு திட்டவட்டமான பொருளைக் கட்டியது. பின்னர், எல்லாரும் எதிர்பார்த்த 8 உண்மைதான் என்று, எங்கேயும் ஓட்டை விடாமல் நிறுவியது. நடுவில் ஏவா பேயர்-ஃப்ளூக்கிகரோடு சேர்ந்து, செர் விட்டுச்சென்ற இன்னொரு பெரிய ஊகத்தைச் செவ்வியல் குலங்களுக்கு நிரூபித்தார், 1995இல். அதை இங்கே விளக்க எனக்குத் துணிவில்லை.

விருதுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1987இல் பட்நாகர் விருது. 1994இல் சூரிச் உலகக் கணித மாநாட்டில் அழைப்புரை. மும்பையில் நெடுங்காலம் பேராசிரியர், 2005 முதல் அமெரிக்காவில் எமரி பல்கலைக்கழகம். 2010இல் உலகக் கணித மாநாடு முதல்முறையாக இந்தியாவில், ஹைதராபாத்தில் நடந்தபோது முழு அவைக்கும் உரையாற்றும் பொறுப்பு. 2013இல் அமெரிக்காவில் எம்மி நோதர் பெயரில் நடக்கும் சொற்பொழிவு. நோதரை ஒரு வரியில் விட மனம் வரவில்லை. இன்றைய இயற்கணிதத்தின் மொழியையே உருவாக்கியவர்களில் முதன்மையானவர் அந்த ஜெர்மன் பெண். கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் பெண் என்பதால் வேலை தர மறுத்தார்கள், பல ஆண்டுகள் சம்பளமே இல்லாமல் பாடம் நடத்தினார். 1932இல் இதே சூரிச்சில் நடந்த உலக மாநாட்டில் முழு அவைக்கும் பேசிய முதல் பெண் அவர். அடுத்த ஆண்டே நாஜி அரசு யூதர் என்று சொல்லி வேலையில் இருந்து நீக்கியது. அமெரிக்காவுக்குப் போய், 1935இல் 53 வயதில் இறந்தார்.

எங்கள் ஊரில் எஸ்டேட் லைன் வீட்டில் இருந்தும், சுற்றியுள்ள படகர் ஊர்களான ஹட்டிகளில் இருந்தும் வரும் பெண் பிள்ளைகள் பலர் கணக்கில் கெட்டிக்காரர்கள். பன்னிரண்டாம் வகுப்புக்கு மேல் கணக்கு என்றால் என்ஜினியரிங், இல்லை என்றால் பேங்க் பரீட்சை என்றே வீட்டில் பேச்சு. அதில் தவறில்லை, குடும்பத்துக்கு வருமானம் வேண்டும். ஆனால் இருபடிச் சமன்பாட்டில் ஆரம்பித்து, இன்னும் யாரும் விடை காணாத கேள்வி வரை போகும் ஒரு பாதை இருக்கிறது, அதில் ஒரு தமிழ்ப் பெண் மிகத் தூரம் போயிருக்கிறார் என்பது அவர்களுக்குப் பெயரளவில் மட்டும் தெரிந்தால் போதாது. க² + ச² = 3ட²க்குத் தீர்வில்லை என்று தன் கையால் எழுதிப் பார்த்த பிள்ளைக்கு, பரிமளா என்ன செய்தார் என்பது நிஜமாகவே கொஞ்சம் புரியும்.

கடைசியாக வீட்டுப்பாடம். 3க்குப் பதிலாக 11 போட்டு க² + ச² = 11ட²ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 11ஆல் வகுத்த மீதிகளில் வர்க்கங்கள் எவை என்று எழுதி, எந்த இரண்டைக் கூட்டினாலும் 11 வராது என்று சரிபாருங்கள். மூன்று வர்க்கங்களைக் கூட்டி 11 வரவைக்கவும் முடியும், அதையும் கண்டுபிடியுங்கள். அப்புறம் 5, 13, 17 போட்டுப் பாருங்கள். 1² + 2² = 5, 2² + 3² = 13, 1² + 4² = 17 என்று மூன்றுக்குமே உடனே தீர்வு கிடைக்கிறது. 3, 7, 11 ஏன் மறுக்கின்றன, 5, 13, 17 ஏன் இடம் கொடுக்கின்றன? இந்த ஆறு எண்களையும் 4ஆல் வகுத்து மீதியைப் பாருங்கள். அடுத்து 19ம் 29ம் எந்தப் பக்கம் விழும் என்று முதலில் ஊகித்து எழுதிவிட்டு, பிறகு கணக்குப் போடுங்கள்.